மோர்டனுக்கு மாற்றப்பட்ட பெட்டி

வந்திருந்தவர்கள்: பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய மகன், மருமகள், என் அப்பா, அம்மா, மாமா, மாமி, சித்தப்பா, சித்தி, கடைசியாக நான். வராதவர்கள் இரண்டே பேர்தான். கலியாணப் பெண்ணும் மாப்பிள்ளையும்.

ஒரு கலியாணத்தை எப்படிச் செய்வது என்று பதினொரு பேர் கூடி வாக்குப் போடும்போது, அந்தக் கலியாணத்துக்குரிய இருவரும் அங்கே இல்லை என்பது எனக்கு அன்று பின்னேரம் பெரிதாக உறைக்கவில்லை. வாக்காளர் பட்டியலில் பதின்மூன்று பேர் இருந்தார்கள். இருவருக்கு நேரே 'சமுகமளிக்கவில்லை' என்று அழகான எழுத்தில் எழுதினேன். என் கவனமெல்லாம் பெட்டியில் இருந்தது. பழைய பிஸ்கட் டின் ஒன்றின் மூடியை நானே கத்தியால் கீறி, விளிம்பைத் தட்டையாக்கி, யாருடைய விரலும் வெட்டுப்படாதபடி செய்திருந்தேன். தென் கரோலினாவில்கூட இவ்வளவு அக்கறையோடு பெட்டி செய்திருக்க மாட்டார்கள்.

தென் கரோலினா எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். ஆயிரத்து எண்ணூறுகளின் பிற்பகுதியில், உள்நாட்டுப் போர் முடிந்து பதினைந்து வருடங்களுக்குப் பிறகு, அந்த அமெரிக்க மாநிலத்தில், நாடாளுமன்றமான காங்கிரசுக்கு நடந்த ஒரு தேர்தலைப் பற்றித்தான் நான் ஆராய்ச்சி செய்கிறேன். ஒரு பக்கம், ஒருகாலத்தில் அடிமையாக இருந்து பிறகு காங்கிரசுக்குப் போனவர். மறுபக்கம், பழைய தோட்ட முதலாளிகளின் ஆள். நடுவில், பெட்டிகள். இதைப் படிப்பதற்கு எனக்கு உதவித்தொகை தருகிறார்கள் என்பதை எங்கள் வீட்டில் இன்னும் ஒருவரும் முழுதாக நம்பவில்லை. "செத்துப்போன ஆக்களின்ரை எலெக்சனுக்கு இப்ப ஏன் காசு குடுக்கினம்?" என்று மாமி இன்றும் கேட்கிறார்.

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகப் படியேறிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் ஊரில் சண்டை நடந்த காலத்தில் பள்ளிக்கூடத்தை விட்டவர்கள். அக்கா லண்டனுக்கு வந்து படித்தவள்தான். ஆனால் அப்பா முதுகு நோவால் வேலையை விட்டபோது, பதினேழு வயதில் சூப்பர்மார்க்கெட் கல்லாவில் போய் உட்கார்ந்தாள். நான் படிக்க வேண்டும் என்று. இதை அவள் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும். இப்போது பஸ் ஓட்டுகிறாள். கலியாணம் அவளுடையதுதான்.

அக்காவின் திட்டம் எளிமையானது. ஆர்ச்வே முருகன் கோயிலில் நாற்பது பேரோடு தாலி கட்டுவது, வாழையிலையில் சாப்பாடு, அடுத்த நாள் வேலை. மாப்பிள்ளையாகப் போகிற அத்தான் மதுரைக்காரர், கம்ப்யூட்டர் வேலை. இருவரும் ஆறு வருடமாகச் சேர்த்த காசு ஒரு சின்ன ஃப்ளாட்டின் டெபாசிட்டுக்குச் சரியாக வந்து நின்றது. ஃப்ளாட்டையும் பார்த்துவிட்டார்கள். குளியலறையில் ஜன்னல் இருக்கிறது என்று அக்கா எல்லாருக்கும் படம் காட்டினாள். பெரிய கலியாணம் என்றால் ஜன்னல் போய்விடும். அவ்வளவுதான் விசயம்.

பெரியப்பாவின் திட்டத்தில் அறுநூறு பேர் இருந்தார்கள். மண்டபம், மணவறை, வீடியோ, மூன்று வகை ஐஸ்கிறீம். குதிரை உண்டா என்பது மட்டும் முடிவாகவில்லை. அவருக்கு ஏன் இதில் உரிமை என்று வெளியாட்கள் கேட்கலாம். எங்களை ஒவ்வொருவராக இந்த நாட்டுக்கு எடுத்தவர் அவர். முதல் வருடம் ஒன்பது பேர் அவர் வீட்டில்தான் படுத்தோம். அதனால் எங்கள் குடும்பத்தில் யார் தும்மினாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தும்முவதுதான் வழக்கம்.

ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நாலு ஞாயிற்றுக்கிழமை இந்தச் சண்டை நடந்தது. நாலாவது ஞாயிறு நான் வாயைத் திறந்தேன்.

"வாக்கெடுப்பு வைப்பம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமில்லாதது. படித்தவன் சொல்கிறான் என்ற பார்வை. அதில் கொஞ்சம் தலை சுற்றிவிட்டது. அந்தக் காலத்தில் வாக்குச்சீட்டை அரசாங்கம் அடித்துக் கொடுப்பதில்லை, அவரவர் கட்சி அவரவர் நிறத்தில் அடித்துக் கொடுக்கும் என்றேன். கோயில் கட்சிக்கு மஞ்சள், மண்டபக் கட்சிக்குச் சிவப்பு என்றேன். அன்றைக்குத்தான் பெரியப்பா முதல் தடவையாக என் படிப்பைப் பற்றிக் கேள்வி கேட்டார். இரண்டு பட்டம் வாங்கியபோது கேட்காதவர்.

"அப்ப கள்ள வாக்கு எப்பிடிப் போட்டவங்கள், தம்பி?"

"மெல்லிய தாளிலை அடிச்சு, ஒண்டுக்குள்ளை பத்தை மடிச்சு வைக்கிறது பெரியப்பா. பெட்டிக்குள்ளை விழேக்கை விரிஞ்சிடும்."

"பாக்கிறவனுக்கு ஒரு சீட்டு."

"ஓம். எண்ணேக்கைதான் ஆக்களைவிடச் சீட்டுக் கூட எண்டு தெரியும்."

"தெரிஞ்சாப் பிறகு?"

"அதுக்கும் முறை இருக்கு. எல்லாத்தையும் திருப்பிப் பெட்டிக்குள்ளை போட்டுக் குலுக்கி, ஒருத்தற்றை கண்ணைக் கட்டிவிட்டு, எத்தினை கூடவோ அத்தினையை எடுத்து அழிக்கிறது."

பெரியப்பா கட்லட் மெல்வதை நிறுத்தினார்.

"கண்ணைக் கட்டினாலும் தடிப்பும் மெல்லிசும் கையுக்குத் தெரியுமெல்லோ?"

"அதுதானே பெரியப்பா விசயமே!" என்றேன். எனக்குப் பூரிப்பு. இந்தக் கேள்விக்கு வந்துசேர என் மேற்பார்வையாளருக்கு ஒரு முழுத் தவணை பிடித்தது.

அடுத்த ஞாயிறு நாலு மணிக்கு எங்கள் வீட்டில் வாக்கெடுப்பு என்று முடிவானது. விதிகளை ஒரு பக்கத்தில் எழுதினேன். வரலாற்றுக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக, சீட்டுக் கூடினால் கண்ணைக் கட்டி எடுக்கும் விதியையும் சேர்த்தேன். எங்கள் குடும்பத்தில் யார் சீட்டைக் கூட்டப் போகிறார்கள் என்ற நினைப்பு. மஞ்சளும் சிவப்பும் ஒரே தடிப்பு அட்டையில் வெட்டி, சிவப்பைப் பெரியப்பா கையில் ஒப்படைத்தேன். கட்சிதானே கொடுக்க வேண்டும்!

ஞாயிறு ஒரு மணிக்குக் குடும்ப வாட்ஸ்அப்பில் பெரியப்பாவின் செய்தி வந்தது. 'மீட்டிங் இங்கை. பெரியம்மாவுக்கு முழங்கால் ஏலாது. கொத்துரொட்டி ரெடி.' இங்கை என்றால் மோர்டன். ஈஸ்ட் ஹாமிலிருந்து மோர்டன் என்பது லண்டனின் ஒரு நுனியிலிருந்து இன்னொரு நுனி. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கொத்துரொட்டி என்ற பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது? நான் டின்னை மடியில் வைத்துக்கொண்டு டிஸ்ட்ரிக்ட் லைனில் போய், இறங்கி, நோர்தேர்ன் லைனில் ஏறி, கடைசி ஸ்டேசன் வரைக்கும் கவனமாகக் கொண்டுபோனேன். பெட்டியை இடம் மாற்றியவன் நானேதான்.

அக்காவுக்கு அன்று மூன்று மணி வரைக்கும் ஷிப்ட். பஸ் ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது. அத்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தது. அவரைக் குடும்ப வாட்ஸ்அப்பில் இன்னும் சேர்க்கவில்லை.

மோர்டனில் எல்லாருடைய போனையும் வாங்கி ஒரு சோற்றுத் தாச்சிக்குள் போடச் சொன்னேன். வாக்கெடுப்பின் கண்ணியத்துக்காக. தாச்சி குசினி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து நடுங்கியது என்று பிறகு மருமகள் சொன்னாள். கொத்துச் சத்தமென்று நினைத்தாளாம்.

ஒவ்வொருவராக வந்து போட்டார்கள். பெரியப்பா தன் சீட்டை இரண்டு கையாலும் பிடித்து, கோயிலில் தேங்காய் வைப்பதுபோல் வைத்தார். பெரியம்மா, மகன், மருமகள், சித்தப்பா எல்லாரும் அதே பக்தியோடு. மூடியைத் திறந்து எண்ணினேன். பதினொரு பேர். பதினாறு சீட்டு.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயத்தினால் அல்ல, சந்தோசத்தினால். மூன்று வருடமாகத் தாளில் படித்தது என் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது! சிவப்புச் சீட்டுகள் எல்லாமே சிகரெட் சுற்றும் தாளில், சிவப்புப் பேனையால் பூசி, அழகாகச் செய்யப்பட்டிருந்தன. பெரியப்பாவின் கடையில் அந்தத் தாள் பெட்டி பெட்டியாக இருக்கும்.

"இதென்ன?" என்றார் அம்மா.

"சீட்டுக் கூடிப்போச்சு போலை," என்றார் பெரியப்பா. "விதி இருக்கெல்லோ, தம்பி? நீதானே எழுதினனி?"

நான்தான் எழுதினேன். மாமியின் சால்வையால் சித்தப்பாவின் கண்ணைக் கட்டினோம். டின்னுக்குள் கையை விட்டுத் துழாவி, மீன் பொரியலில் முள் எடுப்பதுபோல் நிதானமாக ஒவ்வொன்றாக எடுத்தார். ஐந்து எடுத்தார். ஐந்தும் மஞ்சள்.

சிவப்பு பத்து, மஞ்சள் ஒன்று. நான் எழுந்து நின்று முடிவை அறிவித்தேன். எழுந்து நின்றதை நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது.

திரும்பும்போது ரயிலில் நாங்கள் ஆறு பேர்தான். சித்தப்பா மோர்டனிலேயே தங்கிவிட்டார். அம்மாதான் தொடங்கினார்.

"அந்த ஒரு மஞ்சள் என்ரை. எனக்கு ஒருத்தருக்கும் பயமில்லை."

"உங்கடை எண்டு ஆர் சொன்னது, மச்சாள்? அது நான் போட்டது," என்றார் மாமி.

"ரெண்டு பேரும் பேசாமலிருங்கோ. நான் மூலையிலை மடிச்சுப் போட்டனான். மடிப்பு இருந்ததைக் கண்டனான்," என்றார் மாமா.

சித்தி மெதுவாகக் கையை உயர்த்தினார். "நானும் மஞ்சள்தான். அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

நானும் மஞ்சள். ஒரு சீட்டுக்கு ஐந்து பேர் சொந்தக்காரர். அப்பா மட்டும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுரங்கப்பாதைக்குள் ஜன்னலில் பார்க்க ஒன்றுமில்லை.

வீட்டில் அக்கா சீருடையோடு மேசையில் இருந்து பாண் துண்டுகளும் தேங்காய்ச் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அத்தான் பக்கத்தில். நாலு மணிக்கு வந்து, பூட்டிய கதவைத் திறந்து, அதற்குப் பிறகுதான் செய்தியைப் பார்த்து, எல்லாருக்கும் மாறி மாறி போன் அடித்திருக்கிறார்கள்.

"என்ன முடிவு?"

"பத்துக்கு ஒண்டு."

அக்கா சம்பலைத் தொட்டுக்கொண்டாள். "உன்ரை புத்தகத்திலை பெட்டியை இடம் மாத்தின கதை இருந்ததெல்லோ? சனம் விடிய வெளிக்கிட்டு நடந்து போக, அங்கை பெட்டி இல்லை. எனக்கு வாசிச்சுக் காட்டினனி. நாலு பக்கம்."

நான் எழுதுவதை முதலில் கேட்பவள் அவள்தான். பஸ் டிப்போவில் இடைவேளை நேரத்தில் போனில் வாசிப்பேன். அந்த நாலு பக்கத்தை மேற்பார்வையாளர் மிகவும் பாராட்டியிருந்தார். விடிகாலையில் கறுப்பினத்து விவசாயிகள் மைல்கணக்கில் நடந்துவந்து, பெட்டி வேறெங்கோ போய்விட்டது என்று தெரிந்து திரும்பியதை நான் உருக்கமாக எழுதியிருந்தேன். அங்கே ஆட்களை அடித்தார்கள், சுட்டார்கள். எங்களுக்குக் கொத்துரொட்டி போதுமாக இருந்தது.

"ஐ ஆம் சாரி அக்கா," என்றேன்.

"சாரியை மடிச்சு வை. அங்கை தோத்தவன் என்ன செய்தவன்?"

"வாஷிங்டனுக்கு முறைப்பாடு எழுதினவர். காங்கிரஸ் ஒரு கமிட்டி போட்டு விசாரிச்சது."

"வெண்டவரே?"

"வெண்டவர். ஆனா ரெண்டு வருசப் பதவியிலை பாதிக்கு மேலை போனாப் பிறகு."

"பரவாயில்லை," என்றாள். "அம்மாதான் கமிட்டி."

"நானோ? எனக்கென்ன தெரியும்?" என்றார் அம்மா.

"பெரியப்பா பயப்பிடுறது உங்களுக்கு மட்டும்தான். அது காணும்."

அத்தான் பாணை மென்றபடி, "எங்க ஊர்ல இவ்ளோ கஷ்டப்பட மாட்டாங்க. நேரா மண்டையை உடைச்சிருவாங்க," என்றார்.

விசாரணை மூன்று ஞாயிறு நடந்தது. அம்மா கூப்பிட்டதால் மோர்டன்காரரும் ஒவ்வொரு ஞாயிறும் வந்தார்கள். தென் கரோலினாவில் தோற்றவர்கள் வாக்காளர்களைக் கூப்பிட்டு, நீ யாருக்குப் போட்டாய் என்று சத்தியம் வாங்கினார்கள். அந்தச் சாட்சியங்கள் பொடி எழுத்தில் தலையணை தலையணையாக அச்சாகியிருக்கின்றன. நான் அவற்றோடுதான் சீவிக்கிறேன். எங்கள் வீட்டில் சாமிப்படத்துக்கு முன்னால் ஒரு கதிரை போட்டோம். அம்மா, மாமா, மாமி, சித்தி, நான் என்று மஞ்சள்கள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கின. ஐந்து. பதினொன்றில் ஐந்து போதாது.

இரண்டாவது ஞாயிறு அப்பா கதிரையில் வந்து இருந்தார். ஒருவரும் கூப்பிடவில்லை. எதிரே அவருடைய அண்ணன். அப்பா தன் அண்ணனுக்கு எதிராக ஒரு தேத்தண்ணிகூட மறுத்து நான் கண்டதில்லை.

"மஞ்சள்," என்றார்.

"என்ன சொன்னனி?" என்றார் பெரியப்பா.

"மஞ்சள் அண்ணை. அவள் பதினேழு வயசிலை இருந்து உழைக்கிறாள். எனக்கு முகத்துக்கு நேரை சொல்ல ஏலாமல் போச்சு, பெட்டிக்குள்ளை சொன்னனான். அதையும் எடுத்துப்போட்டியள்."

சித்தப்பா உடனே உடைந்துவிட்டார். "தடிப்பானதை எடு எண்டு பெரியண்ணைதான் சொன்னவர். நான் கண்ணைக் கட்டின ஆள், எனக்கென்ன தெரியும்?"

மூன்றாவது ஞாயிறு பெரியப்பா கதிரையில் இருந்தார். மறுப்பார் என்று நினைத்தோம். "ஓம், செய்தனான்," என்றார். "வாக்கெடுப்புக்கு ரெண்டு கிழமைக்கு முன்னமே மண்டபத்துக்கு முற்பணம் கட்டிப்போட்டன். திருப்பித் தர மாட்டாங்கள். இருபத்தைஞ்சு வருசமா நான் போய்ச் சாப்பிடாத கலியாணம் லண்டனிலை இல்லை. என்ரை மகன் லொக்டவுனுக்குள்ளை ஆறு பேரோடை கையெழுத்து வைச்சான். முகமூடி போட்டு. படத்திலை ஆர் மாப்பிள்ளை எண்டே தெரியாது. நான் ஒருக்கா எல்லாருக்கும் ஒரு நேரச் சோறு போடக்கூடாதே?"

மருமகள் தரையைப் பார்த்தாள். மாமி கண்ணைத் துடைத்தார். மாமி விளம்பரத்துக்கும் அழுவார் என்பதால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. ஆனால் எனக்கும் ஒருமாதிரித்தான் இருந்தது. என் ஆராய்ச்சியில் கள்ள வாக்குப் போட்டவர்கள் ஒருவரும் சோறு போட விரும்பியதாகச் சாட்சியம் இல்லை.

அம்மா தீர்ப்புச் சொன்னார். "மஞ்சள் ஆறு, சிவப்பு அஞ்சு. கோயில். எழும்பிச் சாப்பிடுங்கோ."

பெரியப்பா சாப்பிடவில்லை. "அப்ப நான் கலியாணத்துக்கு வரேல்லை," என்று கோட்டை எடுத்துக்கொண்டு போனார்.

அன்றிரவு என் உதவித்தொகையில் மிச்சமிருந்ததை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முற்பணத்தில் பாதியாவது இருக்கும், பெரியப்பாவிடம் கொடுப்போம் என்றேன். "விசர்க் கதை கதையாதை. இதைக் கொண்டுபோய் உன்ரை அமெரிக்கனுக்குச் செலவழி," என்றாள். இரண்டு நாள் கழித்து, ஷிப்ட் முடிந்ததும் அத்தானோடு மோர்டனுக்குப் போனாள். நானும் போனேன். இந்தத் தடவை கையில் பெட்டி இல்லை.

பெரியப்பா கதவைத் திறந்துவிட்டு வானிலையைப் பற்றிக் கதைத்தார். அக்கா கதிரையில் இருக்கவில்லை, நின்றபடியே கேட்டாள்.

"பெரியப்பா, வெண்டது நான்தானே?"

"ஓம்."

"அப்ப சிலவு என்ரை. முற்பணத்தை நான் தாறன். நீங்கள் கலியாணத்துக்கு வரவேணும், மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறது நீங்கள்தான். நாற்பது பேர்தான். முப்பத்தொன்பது பேரும் நீங்களும்."

"விசரே உனக்கு? அது வீட்டுக்காசு."

"ஓம், வீட்டுக்காசுதான்."

பெரியப்பா அத்தானைப் பார்த்தார், இவராவது தடுப்பார் என்று. அத்தான் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார்: "அந்த ஃப்ளாட்டை விட்ருவோம்னு நேத்தே பேசிட்டோம் பெரியப்பா. அடுத்த வருஷம் வேற பார்த்துக்கிறோம். நீங்க வரலைன்னா இவ வருஷம் பூரா என் உயிரை வாங்குவா. அதுக்கு இது மலிவு."

பெரியப்பா வேண்டாம் என்று மூன்று தடவை சொன்னார். நாலாவது தடவை சொல்லவில்லை. அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட வழக்குகளில் வென்றவருக்கும் தோற்றவருக்கும் காங்கிரஸே செலவைக் கொடுத்துவிடுவது உண்டு என்று நான் சொல்லத் தொடங்கினேன். அக்கா பார்த்த பார்வையில் நிறுத்தினேன்.

தை மாதம் ஆர்ச்வேயில் தாலி கட்டினார்கள். மழை. பெரியப்பா பட்டுச் சால்வையோடு முன்னால் நடந்து, மாப்பிள்ளையை ஒரு மந்திரியைக் கொண்டுவருவதுபோல் கொண்டுவந்தார். நாற்பது பேர் என்று சொன்ன இடத்தில் நூற்றுப் பத்துப் பேர் இருந்தார்கள். நான் ஒருவரையும் கூப்பிடவில்லை, வழியில் கண்டவர்களுக்குத் தகவல் மட்டும்தான் சொன்னேன் என்றார் அவர். பந்தியில் நின்று ஒவ்வொரு இலைக்கும் தானே சோறு போட்டார். சாப்பாட்டுக்காரர் இரண்டாவது தடவை சமைக்க வேண்டி வந்தது. கோயிலடி ஏற்றத்தில் மஞ்சள் கோட்டின் மேல் நிறுத்திய அவருடைய காருக்குக் கவுன்சில் தண்டம் எழுதி ஒட்டியது. அந்தத் துண்டையும் அவர் மடித்து அத்தானின் சட்டைப்பைக்குள் வைத்தார்.

மண்டபத்துக்குப் போன முற்பணம், கோயிலுக்குக் கட்டியது, இரண்டு தடவை சமைத்த சாப்பாடு, கார்த் தண்டம் எல்லாம் சேர்த்து அக்காவுக்கும் அத்தானுக்கும் போனது ஒன்பதாயிரத்து அறுநூற்று எழுபத்தைந்து பவுண்.